அட்டெஸ்டேஷனுக்கு அலைவதற்கு முன்: எந்த முத்திரை, யாரிடம், எவ்வளவு

வெளிநாட்டு வேலை, மேல்படிப்பு, குடும்ப விசா என்று முதன்முறையாகக் காகிதம் சேர்ப்பவர்களுக்கு ஒரு மெயில் வரும். ‘சர்டிபிகேட்டுகளை அட்டெஸ்ட் செய்து அனுப்பவும்’ என்று ஒரே வரி. அதைப் படித்தவுடன் பாதிப் பேர் ஜெராக்ஸ் கடைக்கு ஓடுவார்கள், மீதிப் பேர் ஏஜென்ட்டுக்குப் போன் போடுவார்கள். இரண்டுமே அவசரம். நான் இந்தச் சுற்றை முழுதாகச் சுற்றி வந்தபின், கேட்கிற நண்பர்களுக்கெல்லாம் போனில் திரும்பத் திரும்ப இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். எழுதி வைத்துவிட்டால் லிங்க் அனுப்பிவிடலாம்.

தமிழ்நாட்டுச் சான்றிதழ்களை வைத்தே எழுதியிருக்கிறேன். வேறு மாநிலத்தில் படித்தவர்களுக்கு நான்காவது படி மட்டும் மாறும்.

1. எதையும் தொடாமல் முதலில் ஒரு மெயில் போடுங்கள்

காகிதம் போய்ச் சேரும் இடம் எதைக் கேட்கிறது என்பது தெரியாமல் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். வேலை கொடுக்கும் நிறுவனத்தின் ஹெச்ஆர், பல்கலைக்கழகத்தின் அட்மிஷன் அலுவலகம், தூதரகம், இவர்களில் யார் கேட்டார்களோ அவர்களிடமே எழுத்தில் கேளுங்கள்:

- எந்தெந்தச் சான்றிதழ்கள்? டிகிரி மட்டுமா, மார்க் ஷீட்டுகளுமா?
- முத்திரை அசலின் மேல் வேண்டுமா, நகலின் மேல் போதுமா?
- யாருடைய முத்திரை? நானே கையெழுத்துப் போட்டால் போதுமா, நோட்டரியா, அப்போஸ்டிலா, தூதரக முத்திரையா? (இவை என்ன என்று அடுத்த படியில் சொல்கிறேன்.)
- மொழிபெயர்ப்பு வேண்டுமா, வேண்டுமென்றால் யார் செய்தது?
- சான்றிதழ் எத்தனை மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும்?

போனில் கேட்டுவிட்டு விடாதீர்கள். எழுத்தில் பதில் இருந்தால், பின்னால் வேறொருவர் வேறு மாதிரிச் சொல்லும்போது காட்டலாம். சொல்லத்தான் செய்வார்கள்.

இந்த ஒரு மெயிலிலேயே பலருக்கு வேலை முடிந்துவிடும். அமெரிக்கா, கனடா, பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும்போது பெரும்பாலும் இந்த முத்திரை எதுவும் தேவைப்படாது. அவர்கள் கேட்பது, உங்கள் பல்கலைக்கழகம் உறை ஒட்டி அனுப்பும் டிரான்ஸ்கிரிப்ட் (மொத்த மதிப்பெண் பட்டியல்), அல்லது மதிப்பீட்டு நிறுவனத்தின் அறிக்கை. டபிள்யூஇஎஸ் என்ற மதிப்பீட்டு நிறுவனத்தின் அறிக்கையைக் கேட்கிறார்கள் என்றால் டிரான்ஸ்கிரிப்ட் பல்கலைக்கழகத்திலிருந்து அங்கே நேராகப் போக வேண்டும். நீங்கள் நூறு முத்திரை குத்தி அனுப்பினாலும் மதிப்பில்லை. ஜெர்மனியில் படிக்கப் போகிறவர்களுக்கு, படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் என்று தனி வழி. 2022 நவம்பர் முதல் மாணவர் விசாவுக்கு அது வேண்டும், கட்டணம் 18,000 ரூபாய். அதற்கும் அப்போஸ்டிலுக்கும் சம்பந்தமில்லை.

2. ‘அட்டெஸ்ட்’ என்றால் ஐந்தில் ஒன்று

இந்தக் காகித உலகத்தில் அட்டெஸ்ட் செய்வது என்பது ‘இது சரிதான், நான் பொறுப்பு’ என்று ஒருவர் கையெழுத்திடுவது. யார் பொறுப்பேற்கிறார் என்பதில்தான் ஐந்து வகை. கீழிருந்து மேலே போகிறேன்.

செல்ஃப் அட்டெஸ்டட். நகலில் நீங்களே கையெழுத்திட்டு, பெயரும் தேதியும் எழுதுவது. உள்நாட்டு அரசு வேலை விண்ணப்பம், கல்லூரி, வங்கி என்று பெரும்பாலும் இன்றைக்கு இதுவே போதும். அசலைக் கடைசியில் காட்டினால் சரி. செலவு ஜெராக்ஸ் காசு. கையெழுத்தை ஓரத்து வெள்ளை இடத்தில் போடாமல் அச்சின் மேல் கொஞ்சம் படும்படி போடுங்கள், ஆனால் எண்ணும் போட்டோவும் மறையக் கூடாது. பக்கத்தில் ‘இன்ன விண்ணப்பத்துக்கு மட்டும்’ என்று எழுதிவிடுங்கள். ஆதார் நகல் என்றால் கட்டாயம் எழுதுங்கள். அந்த நகல் வேறு எங்கேயோ சிம் கார்டு வாங்கப் போகாமல் இருக்கும்.

கெஜட்டட் ஆபீசர் அட்டெஸ்டேஷன். பச்சை மைக் கையெழுத்து. அரசு மருத்துவர், அரசுக் கல்லூரிப் பேராசிரியர், அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் போன்றவர்கள் அசலைப் பார்த்து நகலில் கையெழுத்திடுவார்கள். இதற்குக் கட்டணம் கிடையாது. யாராவது கேட்டால் வேறு ஆளிடம் போங்கள். முத்திரையில் பெயர், பதவி, அலுவலகம் மூன்றும் இருக்க வேண்டும். பெயர் இல்லாத ரப்பர் ஸ்டாம்ப் குத்திய காகிதம் திரும்பி வரும். அப்புறம், இது நாட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாகும். துபாயில் இருக்கும் அதிகாரிக்குப் பச்சை மை என்றால் பச்சை மை, அவ்வளவுதான்.

நோட்டரி. நோட்டரி சட்டம், 1952-ன்படி நியமிக்கப்பட்ட வழக்கறிஞர். நீதிமன்றங்களைச் சுற்றி நிறையப் பேர் இருப்பார்கள். நகலை ‘உண்மை நகல்’ என்று சான்றளிப்பார். அஃபிடவிட்டில், அதாவது பிரமாணப் பத்திரத்தில், உங்கள் கையெழுத்தைத் தன் முன்னால் இடவைத்துச் சான்றளிப்பார். அஃபிடவிட்டை வீட்டிலேயே கையெழுத்திட்டு எடுத்துப் போகாதீர்கள். அவர்களுடைய உரிமம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. முத்திரையில் பதிவு எண் இருக்கிறதா, உரிமக் காலம் முடிந்துவிட்டதா என்று அங்கேயே பாருங்கள். அவருடைய பதிவேட்டில் உங்கள் காகிதம் ஏறுகிறதா என்பதையும் கவனியுங்கள். ஏறாத முத்திரைக்குப் பின்னால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் அஃபிடவிட்டுக்கான முத்திரைத்தாள் 20 ரூபாய் என்பது பழைய கதை. 2024 முதல் 200 ரூபாய்.

அப்போஸ்டில். 1961-ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் ஒன்றையொன்று நம்பி ஏற்கும் முத்திரை. இந்தியாவில் 2005 ஜூலை முதல் நடைமுறை. நம் வெளியுறவு அமைச்சகம் சான்றிதழின் பின்பக்கத்தில் எண்ணுடன் ஒரு ஸ்டிக்கர் ஒட்டும்.

தூதரக அட்டெஸ்டேஷன். அந்த ஒப்பந்தத்தில் இல்லாத நாடுகளுக்கு. வெளியுறவு அமைச்சகம் முத்திரை குத்தியபின், போகும் நாட்டின் தூதரகமும் குத்த வேண்டும். ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் மூன்றும் இந்த வகை.

இவற்றில் ஒன்றுகூட ‘இவர் உண்மையிலேயே நன்றாகப் படித்தார்’ என்று சொல்வதில்லை. ஒவ்வொரு முத்திரையும் தனக்கு முந்தைய கையெழுத்து நிஜமானது என்று மட்டும் சொல்கிறது. பல்கலைக்கழகக் கையெழுத்துக்கு மாநில அரசு பொறுப்பு, மாநில அரசின் கையெழுத்துக்கு வெளியுறவு அமைச்சகம் பொறுப்பு, அதற்குத் தூதரகம் பொறுப்பு. நடுவில் ஒரு படியைத் தாண்டி அடுத்த கவுன்ட்டருக்குப் போனால் ஏன் வாங்க மறுக்கிறார்கள் என்பது இதைத் தெரிந்துகொண்டால் புரியும். அவர்களிடம் இருப்பது முந்தைய படி அதிகாரியின் மாதிரிக் கையெழுத்து. அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அங்கே நடக்கும் வேலை.

3. வீட்டு மேசையில் செய்ய வேண்டிய சோதனை

பாஸ்போர்ட்டை நடுவில் வைத்து, மற்ற காகிதங்களைச் சுற்றிலும் பரப்புங்கள். நம் ஊர்க்காரர்களுக்கு வரும் பிரச்சினையில் முக்கால்வாசி இன்ஷியல்தான். மார்க் ஷீட்டில் ‘எஸ். கார்த்திகேயன்’, டிகிரியில் ‘கார்த்திகேயன் எஸ்’, பாஸ்போர்ட்டில் ‘கார்த்திகேயன் சுப்பிரமணியன்’. நமக்கு மூன்றும் ஒரே ஆள். வெளிநாட்டு அலுவலருக்கு மூன்று ஆட்கள்.

இன்ஷியல் விரிவாக்கம் மட்டும் என்றால், மூன்று பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன் ஓர் அஃபிடவிட் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் ஏற்பார்கள். எழுத்தே மாறியிருந்தால், உதாரணமாக ஒன்றில் ‘டி’ ஒன்றில் ‘டிஹெச்’, அஃபிடவிட்டை நம்பி மேலே போகாமல் சான்றிதழைத் திருத்துங்கள். பெயரையே மாற்றியவர்களுக்குத் தமிழ்நாடு அரசிதழ் நகல் வேண்டும். அப்பா பெயர், பிறந்த தேதி இரண்டையும் அதே கண்ணோடு பாருங்கள். முத்திரை குத்துபவர்கள் உள்ளடக்கத்தைச் சரிபார்ப்பதில்லை. தப்பான பெயருக்கும் அழகாக ஸ்டிக்கர் ஒட்டித் தந்துவிடுவார்கள். அது தப்பு என்று தெரியவருவது விசா கவுன்ட்டரில்தான்.

அடுத்தது லேமினேஷன். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைக் கையில் வாங்கிய அன்றைக்கே லேமினேட் செய்து பீரோவில் வைக்காத வீடு நம் ஊரில் குறைவு. கவுன்ட்டரில் இருப்பவர் சான்றிதழை வாங்கினதும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார், விரலால் ஓரத்தைத் தடவுவார். பளபளவென்று இருந்தால் படிக்காமலே திருப்பித் தந்துவிடுவார். பிளாஸ்டிக்கின் மேல் முத்திரையும் ஒட்டாது, கையெழுத்தும் நிற்காது. இஸ்திரிப் பெட்டியை வைத்து நீங்களே உரிக்க முயலாதீர்கள், மை பிளாஸ்டிக்கோடு வந்துவிடும். கவர் போல ஓரம் மட்டும் ஒட்டியிருந்தால் கத்தரித்து எடுக்கலாம். முழுதாக ஒட்டியிருந்தால், பழைய சான்றிதழ்களை மீட்டெடுக்கும் கடைக்காரர்களிடம் கொடுங்கள், அல்லது டூப்ளிகேட் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். பள்ளிச் சான்றிதழுக்கு நகல் தருவது அரசுத் தேர்வுகள் இயக்ககம், நீங்கள் படித்த பள்ளி வழியாக. தொலைந்துபோனதற்கு நகல் கேட்டால் போலீஸ் சான்றும் கேட்பார்கள். இதற்கு மாதங்கள்கூட ஆகலாம், அதனால் இந்தச் சோதனையை ஆஃபர் லெட்டர் வரும்வரை தள்ளிப்போடாதீர்கள்.

ப்ரொவிஷனல் சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவர்கள் டிகிரிக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். வளைகுடா நாடுகளில் ப்ரொவிஷனலை வைத்து ஒன்றும் நடக்காது.

4. மாநில முத்திரை: நாள் போவது இங்கேதான்

படிப்புச் சான்றிதழ்களுக்கு மாநிலக் கல்வித் துறை தரும் முத்திரையை ஊரில் எல்லோரும் ‘ஹெச்ஆர்டி’ என்பார்கள். டிகிரி, டிப்ளமோ என்றால் உயர்கல்வித் துறை. பத்தாவது, பன்னிரண்டாவது என்றால் பள்ளிக் கல்வித் துறை.

இதற்கு முன்னால் ஒரு படி ஒளிந்திருக்கிறது. மாநிலத் துறை கையெழுத்திட வேண்டுமென்றால், சான்றிதழ் உண்மையானது என்று அதை வெளியிட்டவர் முதலில் சொல்ல வேண்டும். இதற்குப் பெயர் ஜென்யூன்னஸ் சர்டிபிகேட். டிகிரிக்கு உங்கள் பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம்; தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தின் பள்ளி மார்க் ஷீட்டுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககம். அது சென்னை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் டிபிஐ வளாகத்தில் இருக்கிறது. அந்த வளாகத்துக்கு இப்போது பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம் என்று பெயர், ஆட்டோக்காரரிடம் டிபிஐ என்றே சொல்லுங்கள்.

கல்லூரியையும் பல்கலைக்கழகத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கோவையில் ஒரு கல்லூரியில் படித்திருந்தாலும் டிகிரியில் கையெழுத்திட்டது பாரதியார் பல்கலைக்கழகம் என்றால் அங்கேதான் போக வேண்டும். பொறியியல் என்றால் பெரும்பாலும் அண்ணா பல்கலைக்கழகம். தன்னாட்சிக் கல்லூரி என்றால் மார்க் ஷீட் கல்லூரியில், டிகிரி பல்கலைக்கழகத்தில் என்று இரண்டாகப் பிரியும்.

பல்கலைக்கழகக் கவுன்ட்டருக்குப் போகும்போது அசல், இரண்டு செட் ஜெராக்ஸ், பாஸ்போர்ட் நகல், ஆதார் நகல், புகைப்படம், ஒரு விண்ணப்பக் கடிதம். கட்டணத்தை ஆன்லைனில் வாங்குகிறார்களா, டிடி கேட்கிறார்களா, வங்கிச் சலானா என்று இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நான் போன ஓர் இடத்தில் இணையதளம் ஒன்றைச் சொல்ல, கவுன்ட்டர் வேறொன்றைச் சொன்னது. அதனால் போனும் செய்துகொள்ளுங்கள், காலை பதினொரு மணிக்கு மேல், சாப்பாட்டு நேரத்துக்கு முன்.

இங்கே வாரக் கணக்கில் ஆகும். தேர்வு முடிவு வரும் மாதங்களிலும் பட்டமளிப்பு விழாவை ஒட்டியும் இன்னும் இழுக்கும். யாரையாவது அனுப்புவதாக இருந்தால் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமும், இருவருடைய அடையாள அட்டை நகலும் கொடுத்தனுப்புங்கள். வெறும் கையோடு வரும் அண்ணனையும் தம்பியையும் அவர்கள் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது.

இந்தப் படியில் இரண்டு பொறிகள். ஒன்று, மாநிலம். சான்றிதழ் எந்த மாநிலத்தில் பிறந்ததோ அந்த மாநிலத்தின் முத்திரைதான் செல்லும். நீங்கள் மதுரைக்காரராகவே இருந்தாலும் பெங்களூரில் படித்திருந்தால் கர்நாடக அரசின் முத்திரை வேண்டும். பள்ளி இங்கே, டிகிரி அங்கே என்றால் இரண்டு மாநிலத்திலும் தனித்தனி வேலை.

இரண்டாவது, ஏஜென்ட்டுகள் சொல்லும் ‘எஸ்டிஎம்’ குறுக்குவழி. மாநிலக் கல்வித் துறைக்குப் பதிலாக டெல்லியில் துணைக்கோட்ட மாஜிஸ்திரேட்டின் முத்திரை வாங்கி மேலே போவது. சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. காகிதத்தைப் பார்த்தால் வித்தியாசமும் தெரியாது, முத்திரை முத்திரைதான். ஆனால் படிப்புச் சான்றிதழுக்கு இதை ஏற்காத நாடுகளும் நிறுவனங்களும் உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்துக்கு டிகிரி கொண்டுபோகிறவர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம். மற்றவர்கள் முதல் படியில் போட்ட மெயிலிலேயே இதையும் கேட்டுவிடுங்கள்.

கவுன்ட்டருக்கே போகாமல் முடிக்கும் வழியும் ஒன்று இருக்கிறது: மத்திய அரசின் ‘இ-சனத்’ தளம். 2017-இல் சிபிஎஸ்இ மாணவர்களை வைத்துத் தொடங்கினார்கள். சான்றிதழை வெளியிட்டவர் அந்தத் தளத்தில் சேர்ந்திருந்தால், சரிபார்ப்பு முதல் அமைச்சக முத்திரை வரை அங்கேயே விண்ணப்பிக்கலாம். உங்கள் வாரியமோ பல்கலைக்கழகமோ அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று ஐந்து நிமிடம் செலவழித்துப் பாருங்கள். இருந்தால் அதிர்ஷ்டசாலி.

5. பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள், போலீஸ் சான்று

குடும்ப விசாவுக்கு இவை வேண்டும். இவற்றுக்குக் கல்வித் துறை வேண்டாம். பிறப்பு, திருமணச் சான்றிதழ்களில் மாநில அரசின் உள்துறை அல்லது பொது நிர்வாகம் சார்ந்த அதிகாரி கையெழுத்திட வேண்டும்.

வீட்டில் இருக்கும் பழைய கையெழுத்துப் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். முப்பது வருடத்துக்கு முன் பேரூராட்சி செயல் அலுவலர் போட்ட கையெழுத்தை ஒப்பிட இன்று யாரிடமும் மாதிரி இருக்காது. தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட புதுச் சான்றிதழை, பிறப்பு பதிவான மாநகராட்சி, நகராட்சி அல்லது உள்ளாட்சி அலுவலகத்தில் வாங்கிவிடுங்கள். குழந்தையின் பெயர் ஏறாமலே இருக்கும் சான்றிதழ்கள் நிறைய. முதலில் பெயரை ஏற்றுங்கள்.

திருமணத்துக்குக் கோயில் ரசீதும் கல்யாண மண்டப ரசீதும் போதாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான சான்றிதழ் வேண்டும். ஏற்கெனவே பதிவு செய்தவர்கள் பதிவுத் துறையின் இணையதளத்திலேயே சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்கலாம். அதில் மனைவியின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று மூன்றாவது படியை இன்னொரு முறை செய்யுங்கள்.

போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழைப் பாஸ்போர்ட் சேவா வழியாக வாங்குங்கள், கட்டணம் 500 ரூபாய். பாஸ்போர்ட் அலுவலகம் வெளியுறவு அமைச்சகத்தின் கீழேயே வருவதால் இதற்கு மாநில முத்திரை வேண்டாம், நேராக அடுத்த படிக்குப் போகலாம். சீக்கிரம் வாங்கி வைத்துக்கொள்வோம் என்று நினைக்காதீர்கள். பல நாடுகள் மூன்று மாதம் அல்லது ஆறு மாதத்துக்குள் வாங்கியதைத்தான் ஏற்கின்றன. எல்லாவற்றிலும் கடைசியாக இதை வாங்குங்கள்.

6. வெளியுறவு அமைச்சகம்

2012 முதல் அமைச்சகம் பொதுமக்களிடம் நேரடியாகக் காகிதம் வாங்குவதில்லை. அங்கீகரிக்கப்பட்ட சில நிறுவனங்கள் வாங்கி, அமைச்சக அலுவலகத்தில் கொடுத்து, திருப்பித் தருகின்றன. 2019 ஜனவரி முதல் இந்த வேலை டெல்லிக்கு வெளியேயும் நடக்கிறது, சென்னையும் அதில் உண்டு. அந்த நிறுவனங்களின் பட்டியல் அமைச்சகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. தேடுபொறியில் ‘அப்போஸ்டில் சென்னை’ என்று போட்டால் முதலில் வருபவை பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இல்லாத இடைத்தரகர்கள். அவர்களும் கடைசியில் இதே கவுன்ட்டரில்தான் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறார்கள்.

அப்போஸ்டிலுக்கு அமைச்சகக் கட்டணம் சான்றிதழ் ஒன்றுக்கு 50 ரூபாய். ஆம், ஐம்பதுதான். அதன் மேல் நிறுவனத்தின் சேவைக் கட்டணமும் ஸ்கேன் செய்யும் காசும். இவ்வளவுதான் வாங்கலாம் என்று அமைச்சகமே நிர்ணயித்து வெளியிட்டிருக்கிறது, பார்த்துவிட்டுப் போங்கள். கொண்டுபோக வேண்டியவை: மாநில முத்திரை விழுந்த அசல், அதன் இரு பக்க ஜெராக்ஸ், பாஸ்போர்ட் நகல். மாநிலப் படி ஒழுங்காக முடிந்திருந்தால் இது சில வேலை நாட்களில் முடிகிற காரியம்.

விண்ணப்பத்தில் எந்த நாடு என்று கேட்பார்கள். அதை வைத்துத்தான் அப்போஸ்டிலா, சாதாரண அட்டெஸ்டேஷனா என்று முடிவாகும். இங்கே தப்பு நடந்தால் மறுபடியும் முதலிலிருந்து வரிசை. பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பட்டியல் மாறிக்கொண்டே இருக்கிறது. சிங்கப்பூர் 2021-இலும், சவுதி அரேபியா 2022 டிசம்பரிலும், கனடா 2024 ஜனவரியிலும் இந்த ஒப்பந்தத்துக்குள் வந்தன. ஓமானும் பஹ்ரைனும் அதற்கு முன்பிருந்தே இருக்கின்றன. ஆகவே ‘வளைகுடா என்றால் தூதரகம்’ என்ற பழைய சூத்திரம் பாதிதான் சரி.

பட்டியலில் பெயர் இருந்தும் வேலைக்கு ஆகாத நாடுகள் உண்டு. ஒப்பந்தத்தில் சேரும் நாட்டைப் பற்றி ஏற்கெனவே இருக்கும் நாடு ஆட்சேபம் சொல்லலாம். அப்படிச் சொன்னால் அந்த இரு நாடுகளுக்கிடையே அப்போஸ்டில் செல்லாது. இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது. பிறப்பு, திருமணச் சான்றிதழ்களை ஜெர்மன் அலுவலகங்கள் தங்கள் தூதரகம் வழியாகத் தனியாக விசாரித்துச் சரிபார்க்கும் வழக்கம் அதனால்தான். சீனா 2023 நவம்பரில் உள்ளே வந்தது, ஆனால் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே அது நடைமுறையில் இல்லை. அங்கே மருத்துவம் படிக்கப் போகிறவர்களிடம் ‘அப்போஸ்டில் போதும்’ என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள், தூதரக வழிதான். ஹேக் மாநாட்டின் இணையதளத்தில் நாடு வாரியாக இந்த ஆட்சேபக் குறிப்புகள் இருக்கின்றன.

7. அமீரகம், கத்தார், குவைத் போகிறவர்களுக்கு

வெளியுறவு அமைச்சகத்தின் சாதாரண அட்டெஸ்டேஷன், அப்புறம் அந்த நாட்டுத் தூதரகம், அப்புறம் அங்கே போய் இறங்கியபின் அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகம். அமீரகத்தில் தனிநபர் ஆவணம் ஒன்றுக்கு 150 திர்ஹம். தூதரகத்தில் ஒரு முறை, அங்கே ஒரு முறை. டிகிரி, மார்க் ஷீட், திருமணச் சான்று, குழந்தையின் பிறப்புச் சான்று என்று நான்கு காகிதம் ஆனால் கணக்கு எங்கே போகிறது என்று போட்டுப் பாருங்கள். அதனால்தான் கேட்காததை அட்டெஸ்ட் செய்யாதீர்கள் என்கிறேன். டிகிரியை மட்டும் கேட்ட நிறுவனத்துக்கு எட்டு செமஸ்டர் மார்க் ஷீட்டையும் செய்துகொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தொலைதூரக் கல்வியில் டிகிரி வாங்கியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நேரடி வகுப்பில் படித்ததுதான் என்று பல்கலைக்கழகத்திடம் கடிதம் கேட்கும் இடங்கள் உண்டு. வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே நிறுவனத்திடம் இதைச் சொல்லிவிடுங்கள். முத்திரை எல்லாம் வாங்கியபின் தெரிந்தால் பணமும் போச்சு, வேலையும் போச்சு.

8. மொழிபெயர்ப்பு கடைசியில்

இத்தாலி, ஸ்பெயின் மாதிரி நாடுகள் அவர்கள் மொழியில் மொழிபெயர்ப்பு கேட்கும். அப்போஸ்டில் ஒட்டியபின் மொழிபெயருங்கள், ஏனென்றால் பின்பக்க ஸ்டிக்கரில் உள்ளதும் மொழிபெயர்ப்பில் வர வேண்டும் என்பார்கள். தூதரகம் அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளரா, அந்த நாட்டிலேயே உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். அந்த நாட்டிலேயே செய்தால் யூரோவில் கொடுக்க வேண்டியிருக்கும்.

9. ஏஜென்ட் வைக்கலாமா?

வைக்கலாம். வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பவர்களுக்கு வேறு வழி இல்லை. ஆனால் தூதரகக் கட்டணம் இல்லாவிட்டால் அரசுக் கட்டணம் சில நூறுகளில் முடியும் வேலைக்கும் ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். அந்தப் பணம் அலைச்சலுக்கான கூலி. அது நியாயமா என்பது உங்கள் நிலைமையைப் பொறுத்தது. என் கருத்து, பல்கலைக்கழகப் படியை நீங்களே செய்யுங்கள், மாநிலத் துறையும் தூதரகமும் தூரமாக இருந்தால் ஏஜென்ட்டிடம் விடுங்கள்.

கொடுக்கும் முன் எழுதி வாங்க வேண்டியவை: எந்தெந்த முத்திரை, மாநிலக் கல்வித் துறையா எஸ்டிஎம்மா, அரசுக் கட்டணம் எவ்வளவு, அவர்கள் கூலி எவ்வளவு, எத்தனை நாள், அசல் தொலைந்தால் என்ன. அசலைக் கொடுத்தவுடன் பட்டியலிட்ட ரசீது வேண்டும், ஒவ்வொரு சான்றிதழின் எண்ணோடு. ‘டாக்குமென்ட்ஸ் 6’ என்று மட்டும் எழுதிய ரசீதை வாங்காதீர்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கேட்டால் பாதி கொடுங்கள். மூன்றே நாளில் எல்லாம் முடியும் என்று சொல்பவரிடம் பல்கலைக்கழகச் சரிபார்ப்பு எப்படி முடியும் என்று கேளுங்கள். பதிலில் தெரிந்துவிடும்.

10. எத்தனை நாள் ஒதுக்குவது

தமிழ்நாட்டு டிகிரி ஒன்றுக்கு, பெயர்ப் பிரச்சினை எதுவும் இல்லாவிட்டால், பல்கலைக்கழகத்தில் தொடங்கி அப்போஸ்டில் வரை ஒன்றரை இரண்டு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். தூதரகமும் சேர்ந்தால் இன்னும் சில வாரம். பொங்கல், தீபாவளி, தேர்தல் காலம் குறுக்கே வந்தால் அதற்கும் சேர்த்து. ஹெச்ஆர் ‘பதினைந்து நாளில் அனுப்புங்கள்’ என்பார். பல்கலைக்கழகம் தந்த ரசீதை ஸ்கேன் செய்து அனுப்பி, அவகாசம் கேளுங்கள். ரசீதைக் கண்டால் பெரும்பாலும் கொடுக்கிறார்கள்.

11. கைக்கு வந்ததும்

கவுன்ட்டரை விட்டு நகராமல், ஸ்டிக்கரில் உள்ள பெயரும் சான்றிதழ் வகையும் சரியா என்று பாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் அங்கேயே சொன்னால் மாற்றித் தருவார்கள். ஸ்டிக்கர் எண்ணை அமைச்சகத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்து, வரும் பக்கத்தைச் சேமித்து வையுங்கள். முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் கலரில் ஸ்கேன் செய்யுங்கள். அஃபிடவிட் போலப் பல பக்கம் சேர்த்துத் தைத்திருந்தால் ஸ்கேன் செய்வதற்காக ஸ்டேப்ளரைப் பிரிக்காதீர்கள், பிரித்த தடம் தெரிந்தால் வாங்க மாட்டார்கள். மடித்துப் பிடித்தே ஸ்கேன் செய்யுங்கள். அசலைக் கூரியரில் அனுப்பச் சொன்னால், ஸ்கேன் காப்பி போதுமா, நேரில் வரும்போது காட்டலாமா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். விமானத்தில் போகும்போது செக்-இன் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று யாராவது அதைத் திரும்ப லேமினேட் செய்யக் கிளம்பினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.